பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே? தோட்டப்புறப் பள்ளிக்கு முதல் ஆய்வுக்கு வரும் மாணவருக்கு

எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு மூன்று புது முகங்கள் வந்துவிடும். கையில் நெகிழிக் கோப்பு, அதற்குள் பல்கலைக்கழகக் கடிதம், கடிதத்துக்குப் பின்னால் 30 கேள்விகள் கொண்ட படிவம். தலைப்பு பெரும்பாலும் ஒன்றேதான்: உள்ளடங்கிய கல்வி பற்றி, அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிப்பது பற்றி, ஆசிரியர்களின் மனப்பாங்கு. எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் 11 பேர். "மிகவும் உடன்படுகிறேன்" என்ற எண்ணுக்கு வட்டம் போட்டுப் போட்டு அந்த 11 பேருக்கும் கை பழகிவிட்டது. வேறு என்ன எழுதுவார்கள்? பிள்ளையை ஒதுக்கி வைக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ஒதுக்கி வைப்பவரைப் பார்த்திருக்கிறேன். அவரும் "மிகவும் உடன்படுகிறேன்" என்றுதான் வட்டம் போட்டார்.

வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பயிற்சி ஆசிரியராக இருந்தபோது நானும் இப்படி ஒரு கோப்போடுதான் ஒரு தோட்டப் பள்ளியின் வாசலில் நின்றேன். அந்த ஆய்வில் செய்த தவறுகளும், பிறகு சிறப்புக் கல்வி வகுப்பு நடத்தும்போது தெரிந்துகொண்டவையும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். நீங்கள் போகும் ஊர் பகாவ் ஆகவோ பீடோர் ஆகவோ இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

ஊரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே, பழைய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இ.டி.எஸ். என்னும் மின்சார ரயில் நிற்கும். ஆனால் நிலையத்திலிருந்து தோட்டப் பள்ளிகளுக்குப் போக, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர் வேண்டும். 1948 ஜூன் 16 அன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணமானது இந்த வட்டாரம்தான். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். உங்கள் ஆய்வுக்கு அதைவிட வேண்டியது அதற்குப் பின்னால் நடந்தது: 1950களிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடல். பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. இந்த ஊரைச் சேர்ந்த அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியது அந்தச் சிதறலைத் தடுக்கத்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் ஊர்ப்புறத்து மலிவு விலை வீடுகளுக்குப் போனார்கள். பள்ளி மட்டும் தோட்டத்து மண்ணிலேயே நின்றுவிட்டது.

இதனால் ஆய்வாளருக்கு என்ன? பள்ளியின் பெயரில் "தோட்டம்" இருக்கும், பிள்ளைகள் தோட்டத்தில் இருக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு வேனில் ஏறுவார்கள். அம்மா தொழிற்சாலையில் 12 மணி நேர வேலைக்குப் போயிருப்பார், அப்பா ஜொகூரில் இருப்பார், வீட்டில் பாட்டி இருப்பார். முன்பு, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஒரு பிள்ளை பேச்சு வராமல் இருந்தால் ஆயாவுக்கு இரண்டு வயதிலேயே தெரிந்துவிடும், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகிற பெண்களுக்கும் தெரியும். இப்போது அந்தப் பிள்ளை அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்து, ஏழு வயதில் முதல் முறையாக ஓர் ஆசிரியரின் கண்ணில் படுகிறது.

தலைப்பு: இரண்டு காகிதங்களுக்கு நடுவே தேடுங்கள்

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. ஒரு சாதாரணப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது? இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் ஆய்வு. பெயரைச் சேர்ப்பது ஒரு வேலை, பிள்ளையைச் சேர்ப்பது இன்னொரு வேலை. முதலாவதற்கு அரசிடம் எண்ணிக்கை இருக்கிறது. இரண்டாவதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தால் கேள்விகள் தாமாகச் சிறுத்துவிடும். சிறப்புக் கல்வி வகுப்பிலிருந்து பொது வகுப்புக்கு உடற்கல்விக்கு மட்டும் போகும் பிள்ளையை அங்கே யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? தமிழ்ப்பள்ளியில் சிறப்பு வகுப்பு இல்லாததால் பக்கத்துத் தேசியப் பள்ளிக்கு மாறிய பிள்ளை, மலாய் மட்டுமே பேசும் வகுப்பில் முதல் மூன்று மாதத்தை எப்படிக் கழிக்கிறது? எழுத்திலும் எண்ணிலும் பின்தங்கியதால் குறைநீக்கல் வகுப்புக்கு எழுந்து போகும் பிள்ளை, போன நேரத்தில் தவறவிட்ட பாடத்தை எப்போது பிடிக்கிறது? இவற்றில் ஒன்று போதும். இரண்டை எடுத்தால் ஒன்றும் முடியாது.

"பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் உள்ளடங்கிய கல்வி: சவால்களும் தீர்வுகளும்" என்று தலைப்பு வைத்தவரும் உண்டு. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பேராக்கில் இருப்பவற்றை மட்டும் சுற்றி வரவே உங்கள் கல்விக்கடன் பெட்ரோலுக்குப் போய்விடும்.

சட்டம்: ஓர் இரவு போதும்

முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இலக்கியச் சுருக்கத்தில் பத்துப் பக்கம் சட்டம் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் போதும், ஆனால் அது சரியாக இருக்க வேண்டும். உள்ளடங்கிய கல்வியை உலக நாடுகளிடம் வலியுறுத்திய 1994 சலமன்கா பிரகடனத்தில் தொடங்குவது வழக்கம், தொடங்குங்கள். 1996 கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு இடம் கொடுத்தது. அதன் கீழ் வந்த 1997 விதிமுறைகள் "கற்பிக்கத்தக்க" பிள்ளைகள் என்று ஒரு நிபந்தனை வைத்தன. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டும் கதவு திறந்தது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம். 2010இல் ஐ.நா. மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா சேர்ந்தது. 2013இல் பழைய விதிமுறைகளின் இடத்தில் புதியவை வந்தன. 2019இல் எந்தப் பிள்ளையையும் நிராகரிக்கக் கூடாது என்ற கொள்கை வந்தது.

இவற்றில் 1997க்கும் 2013க்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நன்றாகப் படியுங்கள். புதிய விதிகளில் மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் ஒன்று இருக்கிறது. பிள்ளை எந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் என்று பார்க்கும் காலம் அது. பெற்றோர் அதைத் தேர்வு என்று நினைக்கிறார்கள். "என் மகன் மூன்று மாதத்தில் தேறிவிடுவானா டீச்சர்?" என்று என்னைக் கேட்டவர்கள் பலர்.

2013 முதல் 2025 வரையிலான கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினர் உள்ளடங்கிய கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இந்த எண்ணைத் தங்கள் ஆய்வறிக்கையில் போடாத மாணவர் இல்லை. போடுங்கள், ஆனால் அருகிலேயே ஒரு கேள்வியையும் போடுங்கள்: நாள் முழுக்கப் பொது வகுப்பில் இருப்பதும் உள்ளடக்கம், சில பாடங்களுக்கு மட்டும் போய்வருவதும் உள்ளடக்கம் என்று இரண்டு வகை இருக்கும்போது, நீங்கள் பார்க்கும் பள்ளியின் எண்ணிக்கையில் எது எவ்வளவு?

வகைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிறப்புக் கல்விப் பள்ளி என்பது தனிப் பள்ளி. பி.பி.கே.ஐ. என்று எல்லாரும் சொல்லும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்டம், பொதுப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் தனி வகுப்பு. உள்ளடங்கிய கல்வி என்பது மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பது. குறைநீக்கல் வகுப்பு இந்த மூன்றிலும் சேராது. அது எழுத்திலும் எண்ணிலும் பின்தங்கியவர்களுக்கானது. குறைநீக்கல் வகுப்புக்குப் போகும் பிள்ளையைச் "சிறப்புப் பிள்ளை" என்று எழுதி, பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு மாணவியை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கு வெளியே, சமூக நலத்துறையின் கீழ் சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. ஊரில் பி.டி.கே. என்பார்கள். 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய ஏற்பாடு. பள்ளியில் காணாத பிள்ளையை முதலில் அங்கே தேடுங்கள்.

அனுமதி: இரண்டு ஜே.பி.என். உண்டு

பல்கலைக்கழக மாணவர் என்றால் முதலில் உங்கள் நெறிமுறைக் குழு. பிறகு கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவுக்கு இ-ராஸ் இணையத்தளம் வழியாக விண்ணப்பம். பழையவர்கள் அந்தப் பிரிவின் பழைய ஆங்கிலச் சுருக்கத்தில் இன்னும் இ.பி.ஆர்.டி. கடிதம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தோடு மாநிலக் கல்வி இலாகா. சுங்கை சிப்புட் பள்ளிகளுக்கு அது ஈப்போவில் இருக்கிறது. அதன் பிறகு மாவட்டக் கல்வி இலாகா, எங்களுக்குக் கோலகங்சார். கடைசியில் தலைமையாசிரியர். ஆசிரியர் கல்விக் கழகத்துப் பயிற்சி மாணவர்கள் பயிற்றுப்பணிக்கு வரும் பள்ளியிலேயே செயலாய்வு (தம் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கும் ஆய்வு) செய்வதால் கழகம் வழியாகவே போவார்கள். உங்களுக்கு எந்த வழி என்று மேற்பார்வையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

மாநிலக் கல்வி இலாகாவும் ஜே.பி.என்., தேசியப் பதிவு இலாகாவும் ஜே.பி.என். சிரிக்காதீர்கள். ஒரு தாயிடம் "ஜே.பி.என். கடிதம் இருக்கிறது" என்று ஒரு மாணவர் சொல்லப்போய், பிறப்புப் பத்திர விவகாரமாக யாரோ வந்துவிட்டார்கள் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தோட்டப்புறத்தில் பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இலாகாவின் முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

இந்தக் காகிதங்கள் நடக்கும் வேகம் உங்கள் கையில் இல்லை. விண்ணப்பம் போட்ட மறுநாளே படிப்பதைத் தொடங்குங்கள், பள்ளிக்குப் போகாதீர்கள். கடிதம் வருவதற்கு முன் "சும்மா பார்த்துவிட்டு" எடுத்த குறிப்புகளை ஆய்வில் சேர்க்க முடியாது. முதன்முறை நான் சேர்த்தேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் நான்கு பக்கத்தை அடித்தார்.

பள்ளிக்குள் முதல் வாரம்

தலைமையாசிரியரைப் பார்த்தபின் எல்லாரும் நேரே ஆசிரியர் அறைக்குப் போகிறார்கள். நீங்கள் வேறு நான்கு பேரைப் பாருங்கள். குறைநீக்கல் ஆசிரியர்: எந்தப் பிள்ளை எங்கே தடுக்கிறது என்று இவர் வாயில் இருக்கும். மாணவர் நிர்வாக உதவியாளர்: சிறப்பு வகுப்புப் பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துப் போவதிலிருந்து வேனில் ஏற்றுவது வரை இவர் வேலை, ஆனால் ஆய்வுகளில் இவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. சிற்றுண்டிச்சாலை அக்காள்: யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தவர். வேன் ஓட்டுநர்: எந்தப் பிள்ளை காலையில் ஏற மறுக்கிறது என்பதை இவரைத் தவிர யாரும் எழுதி வைக்கவில்லை, இவரும் மனத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார். அனுமதிக் கடிதத்தில் "பள்ளி ஊழியர்கள்" என்று முன்கூட்டியே குறிப்பிட்டிருந்தால் இவர்களோடு முறையாகப் பேசலாம்.

சிறிய பள்ளி என்பதை மறக்காதீர்கள். 150 மாணவருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. 30க்கும் குறைந்தால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துவார்கள். ஒரு விசித்திரம் சொல்கிறேன்: கொள்கை ஆவணங்கள் கனவு காணும் உள்ளடங்கிய வகுப்புக்கு, இந்தக் கூட்டு வகுப்பு சில நாள்களில் மிக நெருங்கி வருகிறது. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில் இருக்கும்போது, பின்தங்கியவன் கீழாண்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்தால் யாருக்கும் அது விந்தையாகத் தெரிவதில்லை. ஆனால் அதே வகுப்பில் ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமும் இல்லை. இதை யாராவது ஒருவர் உட்கார்ந்து ஆராயலாம்.

உற்றுநோக்கல்: வாயை மூடிக் கையைத் திறந்து வையுங்கள்

இந்த ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரப் பாடத்தை ஐந்து நிமிடக் கட்டங்களாகப் பிரித்தால் 12 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றே குறிப்பு: பிள்ளை என்ன செய்கிறது, வகுப்பு என்ன செய்கிறது, பிள்ளையிடம் யார் பேசினார்கள். "கவனம் இல்லை", "ஆர்வம் இல்லை" என்று எழுதக் கூடாது. அவை உங்கள் தீர்ப்புகள். "பென்சில் சீவுகிறான்" என்று எழுதுங்கள்.

என் முதல் ஆய்வில் ஒரு பையன். மூன்றாம் ஆண்டு, பின்வரிசை, ஜன்னலோரம். பெயர் வேண்டாம். வகுப்பு ஆசிரியர் அவனைக் காட்டி, "எழுத்தே ஏறவில்லை, சிறப்பு வகுப்புக்கு எழுதிப் போடப் போகிறோம்" என்றார். முதல் நாள் 12 கட்டத்தில் ஆசிரியர் அவன் பெயரைச் சொன்னது ஒரே ஒரு முறை, அதுவும் வருகை எடுக்கும்போது. மற்ற நேரமெல்லாம் அவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதினான். பலகையில் "கொடி". அவன் நோட்டில் "கெடி". பலகையில் "தோட்டம்". அவன் நோட்டில் "தேட்டம்".

எனக்கு அப்போது ஒரே உற்சாகம். எழுத்துக் குழப்பம், வாசிப்புக் குறைபாடு, டிஸ்லெக்சியா என்று குறிப்பேட்டில் மூன்று கோடு போட்டு எழுதிவிட்டேன். தமிழில் அது எளிதில் தோன்றும் முடிவுதான். 'கொ' என்று எழுத ஒற்றைக்கொம்பு முன்னால் வரும், மெய் நடுவில், துணைக்கால் பின்னால். காது முதலில் கேட்பது 'க்'கை, கை முதலில் எழுதுவது கொம்பை. நன்றாகப் படிக்கும் பிள்ளையே தடுமாறும் இடம். அதோடு எங்கள் பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூன்று மொழி, இரண்டு வரிவடிவம் கற்கிறார்கள்.

மேற்பார்வையாளர் குறிப்பேட்டைப் பார்த்து, "நீங்கள் எந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு, "துணைக்கால் எல்லா இடத்திலும் விடுபடுகிறதா, பலகையைப் பார்க்கும்போது மட்டும் விடுபடுகிறதா?" என்றார். மறுநாள் அதே சொற்களை ஒரு தாளில் எழுதி மேசை மேல் வைத்தேன். "கொடி" என்றே எழுதினான். அவனுக்குப் பலகை சரியாகத் தெரியவில்லை. பக்கத்துப் பையனின் நோட்டிலும் அந்தப் பையனின் கை துணைக்காலை மறைத்துக்கொண்டிருந்தது. அரசு கிளினிக்கில் பார்த்தார்கள், கண்ணாடி போட்டார்கள். கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை முடிக்க ஆசைதான். சரியாகவில்லை. வாசிப்பில் உதவி தேவைப்பட்டது, குறைநீக்கல் வகுப்பில் இரண்டு ஆண்டு இருந்தான். ஆனால் துணைக்கால் வந்துவிட்டது.

ஆகவே இரண்டு விதி. குறைபாட்டுக்குப் பெயர் சூட்டுவது உங்கள் வேலையன்று. அது மருத்துவர் வேலை. பள்ளி பயன்படுத்தும் சரிபார்ப்புப் பட்டியல்கூட ஐயத்தைத்தான் காட்டும், முடிவைச் சொல்லாது. இரண்டாவது, பிள்ளை செய்யும் தவறை அப்படியே படி எடுத்துக்கொள்ளுங்கள். ல, ள, ழ எங்கே மாறுகின்றன, ன, ண எங்கே மாறுகின்றன, எப்போது மாறவில்லை என்று எழுதுங்கள். "எழுத்துப் பிழைகள் அதிகம்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் எதுவும் செய்ய முடியாது.

வீட்டுக்குப் போவது

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படித்தும் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். வளர்க்கிற பாட்டி பாதுகாவலராக இல்லாமல் இருக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) படிவத்தை அனுப்பி, பேசி, கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். பிள்ளையையும் கேளுங்கள். தலையாட்டிய பிள்ளை நாளை மேசைக்கடியில் போய் உட்கார்ந்தால் அன்றைக்கு உற்றுநோக்கல் இல்லை என்று பொருள்.

நேரம் முக்கியம். செம்பனை வேலைக்குப் போகிறவர்கள் பிற்பகலில் வீட்டில் இருப்பார்கள், ஆனால் உறங்குவார்கள். தொழிற்சாலைக்காரர்களிடம் எந்த வேளை என்று முதலில் கேட்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கினால், கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். போகும்போது ஒரு பொட்டலம் பிஸ்கட்டோ பழமோ வாங்கிப் போவது நம் வழக்கம். பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையனின் பாட்டியிடம் நான் 40 கேள்விப் படிவம் ஒன்றை எடுத்துப் போனேன், மலாயிலிருந்து தமிழாக்கியது. ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்ல வேண்டும். முதல் கேள்வியைப் படித்தேன். "ஐந்து போட்டுக்கொள் அம்மா" என்றார். இரண்டாவது, ஐந்து. பத்தாவது வரைக்கும் ஐந்துதான். "பாட்டி, உங்களுக்குச் சரியென்று படுவதைச் சொல்லுங்கள்" என்றேன். "நீ நல்ல பிள்ளையாய் இருக்கிறாய். படிக்கிற பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்துப் போடுவார்களா?" என்றார். எனக்கு 40க்கு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "காலையில் எழுந்ததிலிருந்து இவன் என்ன செய்வான் பாட்டி?" என்று மட்டும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். கோழிகளுக்கு இரை போடும்போது ஒவ்வொன்றையும் எண்ணுவானாம். பாடப்புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொள்வானாம். தொலைக்காட்சியை ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பானாம், திட்டினாலும் கேட்கமாட்டானாம். கண் விவகாரம் எல்லாம் அந்த ஒன்றரை மணியில் இருந்தது. நான் அதைப் புரிந்துகொள்ள மேற்பார்வையாளரின் கேள்வி வர வேண்டியிருந்தது.

மாற்றுத் திறனாளி அட்டை பற்றிப் பேச்சு வரும். சமூக நலத்துறை கொடுப்பது, மருத்துவரின் சான்று வேண்டும். வகைகள் ஏழு. அவற்றில் கற்றல் குறைபாடு என்ற வகைக்குள்தான் டவுன் நோய்க்குறி, ஆட்டிசம், டிஸ்லெக்சியா எல்லாம் வருகின்றன. சிறப்புக் கல்வித் திட்டத்தில் பதிந்த மாணவருக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை கொடுக்கிறது. "அட்டை எடுத்தால் காசு வருமாமே" என்று ஒரு வீடு கேட்கும். "அட்டை எடுத்தால் இவன் தங்கைக்கு நாளைக்கு மாப்பிள்ளை வருமா?" என்று அடுத்த வீடு கேட்கும். இரண்டுக்கும் நீங்கள் அறிவுரை சொல்லக் கூடாது. தகவல் வேண்டுமென்றால் எங்கே போகலாம் என்று சொல்லலாம். மீதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது கேள்வி எந்தப் படிவத்திலும் இருக்காது.

பெயரை மறைத்தால் மட்டும் மறையாது

ஆய்வறிக்கையில் "மாணவர் அ, பள்ளி ஆ" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் "வட பேராக்கில் ஒரு தோட்டப் பள்ளியின் நான்காம் ஆண்டில் சக்கர நாற்காலியில் வரும் ஒரே மாணவி" என்று எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அந்த வரியைப் படித்தவுடன் தேநீர்க் கடையிலேயே பெயர் சொல்லிவிடுவார்கள். ஆண்டை மாற்றுங்கள், ஆய்வுக்குத் தேவையில்லாத அடையாளங்களை எடுத்துவிடுங்கள், வட்டாரத்தைப் பெரிதாக்குங்கள். ஆசிரியர் 11 பேர் உள்ள பள்ளியில் "25 ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்" என்றாலும் ஒருவர்தான். அவர் சொன்ன குறையை எழுதினால் மறுநாள் அவரிடமே பேச்சு வரும். படம் எடுக்காதீர்கள், முகத்தை மங்கலாக்கியும் எடுக்காதீர்கள். சீருடையும் பையும் போதும், அடையாளம் தெரியும்.

எண்ணும் எழுத்தும்

எண்ணிக்கை ஆய்வு செய்வோருக்கு ஒரு சொல். மாதிரி அளவுக்கு எல்லாரும் 1970இல் வந்த கிரெஜ்சி-மோர்கன் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மொத்தம் 10 பேர் என்றால் மாதிரி 10 பேர், 20 பேர் என்றால் 19 பேர் என்று அது சொல்கிறது. 11 பேரிடம் போய் அட்டவணையைப் புரட்டுவது கைக்கு எட்டும் மாங்காயைப் பறிக்க ஏணி தேடுவது போல. 11 பேரிடம் கேட்டால் 11 பேர் என்று எழுதுங்கள், விழுக்காடு போடாதீர்கள். "9.09 விழுக்காட்டு ஆசிரியர்கள் உடன்படவில்லை" என்று ஓர் அறிக்கையில் படித்தேன். அது அறிவியல் ஆசிரியர்தான், எனக்குத் தெரியும்.

செயலாய்வு என்றால் திட்டமிடு, செய், நோக்கு, சிந்தி என்ற சுழற்சி. முதல் சுழற்சி தோல்வியடைந்தால் மறைக்காதீர்கள். அட்டைகளை வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள், பிள்ளை அட்டைகளைத் தின்னத் தொடங்கியது என்றால் அதையும் எழுதுங்கள். பேட்டிகளைப் பேசியபடியே எழுத்தில் பெயர்த்துவிட்டு, பிறகு அறிக்கைக்குச் சீராக்குங்கள். அறிக்கை மலாயில் எழுதுவதாக இருந்தால் முக்கியமான தமிழ் வாக்கியங்களைப் பின்னிணைப்பில் அப்படியே வையுங்கள். "ஏறவில்லை" என்று ஓர் ஆசிரியர் சொல்வதை மலாயில் "புரிந்துகொள்ளவில்லை" என்று பெயர்த்தால் பாதி போய்விடும்.

முடித்த பிறகு

பெரும்பாலோர் கடைசி நாள் எல்லாருக்கும் பேனா கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆய்வு என்ன சொன்னது என்று பள்ளிக்குத் தெரியாது. தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பார்த்தது, இரண்டாம் பக்கத்தில் வரும் திங்கட்கிழமையே செய்யக்கூடிய இரண்டு சின்ன மாற்றங்கள். யாரையும் குற்றவாளியாக்கும் வரி இருந்தால் தலைமையாசிரியரிடம் முதலில் தனியே பேசிவிடுங்கள். நகலைப் பள்ளி அச்சுப்பொறியில் எடுக்காதீர்கள். மை தீர்ந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் அந்தப் பாட்டியிடம் போய் என் முடிவுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கினேன். கோழிகளைப் பார்த்தபடியே கேட்டார். நான் முடித்ததும், "அவனை முன்னால் உட்கார வைத்துவிட்டார்களா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் பள்ளியில் கேட்டுக்கொண்டு போங்கள்.